போர்டு மாட்டாத மையம்

என் அப்பாவிடம் நான் பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். தையல் வகுப்பு நடக்கிற ஒரு இடத்தில் கணக்கு எழுதும் வேலை என்று. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி. என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிவிடலாம் என்ற நினைப்பிலேயே மீசை நரைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படிப்பை முடித்து வெளியே வந்தவன் நான்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் என்னோடு வெயிலில் நின்றவர் அவர். அதை மடிக்காமல் கொண்டுவர ஒரு பிளாஸ்டிக் உறையும் வாங்கித் தந்தார். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை.

"பி.காம் படிச்சவன எதுக்குக் கூப்டாங்களாம், ஊசி கோத்துக் குடுக்கவா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"காஜா எடுக்கவும் சொல்லிக் குடுப்பாங்க போலருக்குது" என்றார் அம்மா.

மீதிப் பாதியை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் வேலையில் சேரும்போது எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. சுரங்க டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே, பஜாரைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. 'தானே' புயலில் பறந்துபோன கூரைக்குப் பதிலாகப் புது ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்தார்கள். முன்கூடத்தில் தையல் வகுப்பு உண்மையாகவே நடந்தது. உள்ளறையில், வீட்டில் அடிபடுகிற பெண்களும், வேலையிடத்தில் மேஸ்திரியின் கைக்கும் வாய்க்கும் தப்பி வந்த பெண்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கு அரசாங்கம் மானியம் தந்தது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கவும், உழைக்கிற பெண்களுக்கு அவர்களுடைய உரிமைகளை எடுத்துச் சொல்லவும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவுகிற திட்டம் அது. வாடகை, கரண்ட், ஆலோசகர் சம்பளம், என் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்து வாங்க வேண்டும்.

தொண்டு நிறுவனம் என்றதும் பெரிதாக ஏதோ தோன்றும். எங்கள் நிறுவனம் என்பது அக்காதான், ஆலோசகரும் அவரே. எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. அவருடைய அப்பா சுரங்க வேலைக்காகக் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர். அக்கா குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கொஞ்ச காலம் ஒரு தனியார் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை பார்த்தார். கையில் வீக்கத்தோடும் உதட்டில் தையலோடும் வருகிற பெண்கள் எல்லோரும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகவே சொன்னார்களாம். "இந்த ஊர்ல இத்தன பாத்ரூம் வழுக்குதுன்னா, ஒண்ணு பாத்ரூம மாத்தணும், இல்ல நான் வேலைய மாத்தணும்" என்று சொல்லிவிட்டு வந்தவர். கோபக்காரர். ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் ரசீது வாங்கவே மாட்டார், கேட்டால் என்மேல் பாய்வார். தேநீரை ஆறவிட்டு மறந்துவிட்டு, ஆறிப்போனதையே ஒரே மூச்சில் குடிப்பார்.

அவர் வேலை செய்த விதம் இந்த ஊரைத் தெரிந்தவர் மட்டுமே யோசித்திருக்கக் கூடியது. புதிதாக ஒரு பெண் வந்தால் என்ன நடந்தது, யார் அடித்தது என்று கேட்க மாட்டார். முதல் கேள்வி, "வூட்டுக்காரர் எந்த ஷிப்ட்?" என்பதுதான். முதல் ஷிப்ட் என்றால் அந்தப் பெண் காலையில் வரலாம். இரண்டாவது ஷிப்ட் என்றால் மதியம் இரண்டு மணி பஸ் போன பிறகு. நைட் ஷிப்ட் வாரத்தில் கணவர் பகலெல்லாம் வீட்டில் தூங்குவார். அந்த வாரம் வரவே வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று அக்கா அனுப்பிவிடுவார். ஷிப்ட் மாற மாற எங்கள் மையத்துக்கு வருகிற முகங்களும் மாறும். யார் எந்த வாரம் வருவார் என்பது அக்காவின் மனதில் இருந்தது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

இன்னொன்று, மெஷின். வீட்டுச் சுவர் மெல்லிசு. எதிரே டீக்கடை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் நின்று சிகரெட் பிடிப்பார்கள். உள்ளறையில் யாராவது பேச உட்கார்ந்தால், முன்கூடத்தில் இருக்கிற பெண்கள் எல்லோரும் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்குவார்கள். தைக்கத் துணி இருப்பவர்கள் தைப்பார்கள். இல்லாதவர்கள் ஊசியைக் கழற்றிவிட்டு வெறுமனே மிதிப்பார்கள். உள்ளே அழுகை கூடக் கூட வெளியே மிதியும் கூடும். தெருவில் போகிறவர்களுக்குத் தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது போலத்தான் கேட்கும்.

நான் வாசலை ஒட்டிய சிறிய அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளறைக்குள் நான் போனதே இல்லை. சேர்ந்த புதிதில், நூலே இல்லாமல் ஏன் மிதிக்கிறார்கள் என்று தெரியாமல், துணி தீர்ந்துவிட்டதா, வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். கூடம் முழுக்கச் சிரித்தது.

"கணக்குப்புள்ளைக்கு நம்ம மெஷின் மேல எவ்ளோ அக்கற பாரு" என்றார் சித்தி.

சித்தி என்று எல்லோரும் அழைத்த அவர், டவுன்ஷிப் தெருக்களைக் கூட்டுகிற ஒப்பந்தப் பெண்களில் மூத்தவர். அவருக்குத் தைக்கவே வராது. "நான் தச்ச ஜாக்கெட்ட யானைக்குப் போட்டாலும் ஒரு கை பத்தாது" என்று அவரே சொல்வார். மதியம் கூட்டும் வேலை முடிந்ததும் துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சம்பளச் சீட்டே காட்டாத ஒப்பந்ததாரரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தன்னோடு கூட்டுகிற பெண்களையெல்லாம் அக்காவிடம் அழைத்து வந்தவர் அவர்தான். பி.எஃப். என்றால் என்ன, மேஸ்திரி தப்பாகப் பேசினால் யாரிடம் எழுதிக் கொடுப்பது என்ற பேச்செல்லாம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது. அதற்கு மட்டும் மெஷின் ஓட்ட மாட்டார்கள். "இது தெருவுக்கே கேக்கட்டும்" என்பார் சித்தி.

குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பெண்களில் ஒருவர் மிகவும் இளையவர், எனக்கு இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். மற்றவர்கள் அவரைக் கிண்டலாக 'குவார்ட்டர்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். கணவர் பெர்மனென்ட். அவர்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். எல்லார் வீட்டு ஃபியூஸும் போட்டுத் தருவார். மனைவிக்கு மட்டும் அவர் வேறு ஆள். தையல் கற்றுக்கொண்டால் ஜாக்கெட் கூலி மிச்சம் என்பதால் இங்கே வர அனுமதித்திருந்தார். அவர் இரண்டாவது ஷிப்ட் போகிற வாரங்களில் மட்டும், கையில் துணிப்பையோடு, அந்தப் பெண் வருவார். குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். "இன்னும் கொஞ்ச நாளுங்க" என்பார் அவர். அக்கா அவசரப்படுத்தியதே இல்லை.

அந்த ஆண்டு மானியத்தைப் புதுப்பிக்க விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தபோது துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மானியம் பெறுகிற ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். திட்டத்தின் பெயர், அரசு நிதியுதவியுடன் நடத்தப்படுகிறது என்ற வாசகம், எல்லாம் தெருவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். அதன் புகைப்படத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். விதி முன்பே இருந்ததுதான். இனி படம் இல்லாவிட்டால் மானியம் இல்லை என்பது மட்டும் புதிது.

நான் படித்துக் காட்டினேன். அக்கா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நான் விட்டுவிட்ட ஏதாவது ஒரு வரி இருக்குமா என்று பார்ப்பதுபோல அவரும் படித்தார்.

"குடும்ப வன்முறைத் தடுப்பு மையம்னு வாசல்ல எழுதி வெச்சா, எவ வருவா?"

எனக்கு யோசனை ஒன்று இருந்தது. என் யோசனைகூட இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களிடையே வேலை செய்கிற ஒரு நிறுவனத்தில் எனக்குத் தெரிந்த கணக்கர் இருந்தார். போனில் கேட்டேன். "இதுக்கா கவலப்படற? போர்ட மாட்டு, போட்டோ எடு, கழட்டு. கழட்டி வெச்சா அடுத்த வருசத்துக்கும் ஆச்சு" என்றார். அக்காவிடம் அப்படியே சொன்னேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "இல்ல தம்பி. இந்தப் பணம் இவங்களுக்காகத்தான் வருது. இவங்களுக்குச் சேர வேண்டியத நான் ஏன் திருடிக்கினு வர்ற மாதிரி வாங்கணும்? சம்பளச் சீட்ட நேரா கேளுன்னு சித்திகிட்ட சொல்லிட்டு, நான் பின்பக்கமா போவேனா" என்றார்.

முடிவைத் தான் மட்டும் எடுக்கவும் அவருக்கு மனமில்லை. ஒரு மதியம், இரண்டு மணி பஸ்கள் போன பிறகு, கூடத்தில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். மெஷின்கள் நின்றன. என் அறைக் கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

சித்தி உடனே போர்டு பக்கம் சேர்ந்துவிட்டார். "நல்லா பெருசா மாட்டுக்கா. எங்க மேஸ்திரி இந்தத் தெருவுலதான் சைக்கிள்ல போறான். டெய்லி பாத்துக்கினு போவட்டும். கவர்மென்ட் போர்டுன்னா அவனுக்கு வவுறு கலங்கும்."

"கலங்கிட்டுப் போவட்டும், சித்தி. நம்ம வவுறு இன்னா ஆவும்?" என்றார் இன்னொருவர்.

"எத்தினி நாளைக்கு ஜாக்கெட் தைக்கிறேன் ஜாக்கெட் தைக்கிறேன்னு சொல்லிக்கினு வர்றது? எனக்கு இன்னும் ஒரு பொத்தான் வெக்கத் தெரியல. ஊருக்கே சந்தேகம் வந்துடும்."

சிரித்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண் மட்டும் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"போர்டு மாட்டினா நான் வர மாட்டேங்க. வர முடியாது. அவரு கூட வேலை செய்யறவங்க அந்த டீக்கடையிலதான் நிப்பாங்க."

"இவ ஒருத்திக்காகவா, அக்கா?" என்றார் சித்தி. கேட்ட விதத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "கிராண்ட் பணம் போச்சுன்னா எடமே இல்லாம போயிடுமே. எல்லாருக்குமில்ல போவும்."

"போவும்" என்றார் அக்கா. "நீ மொத மொத வந்தியே, மூக்குத்திய புடுங்கி மூக்கு கிழிஞ்சுபோய், மூஞ்சிய முந்தானையால மூடிக்கினு. அன்னிக்கு வாசல்ல போர்டு இருந்திருந்தா உள்ள வந்திருப்பியா?"

சித்தி குவார்ட்டர்ஸ் பெண்ணின் மடியிலிருந்து பையைப் பிடுங்கி, துணியை எடுத்து மெஷின்மேல் போட்டார். "தைடி. எவளோ பெரிய பங்களாக்காரி மாதிரி பைய எடுத்துக்கினு கௌம்பறா."

அன்றைக்கு மாலை அக்கா சொல்லச் சொல்ல நான் கடிதம் அடித்தேன். பெயர்ப்பலகை வைக்கவில்லை, ஆகையால் படம் இணைக்கவில்லை என்பதுதான் சாரம். நான் பழக்கத்தில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று அடித்திருந்தேன். அக்கா திரையில் விரல் வைத்தார்.

"அது இன்னா காரணம்? என்ன காரணமோ அத எழுது."

பலகை வைத்தால் இங்கே வருகிற பெண்களை அவர்களை அடிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு அவர்கள் வர மாட்டார்கள், யாரும் வராத மையத்துக்கு மானியம் வாங்கி என்ன பயன் என்று எழுதினோம். அரசாங்கத்துக்கு அப்படி ஒரு கடிதம் எழுதலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கல்லூரியில் கற்றுக்கொடுத்த கடிதங்கள் எல்லாம் பணிந்து வேண்டிக்கொள்ளும். இது பணியவில்லை, ஆனால் மரியாதை குறையவும் இல்லை. அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மானியம் நின்றால் என் வேலையும் நிற்கும். அப்பா என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

பதிலாக ஒரு போன் வந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள். கடலூரிலிருந்து ஜீப்பில் வருவார். அதைக் கேட்டதும் அக்கா போனை என்னிடமிருந்து வாங்கி அந்த அதிகாரியிடமே பேச வேண்டும் என்றார். பேசினார்.

"மேடம், ஜீப்ப பஜார்லயே நிறுத்திட்டு நடந்து வர முடியுங்களா? கவர்மென்ட் ஜீப் எங்க வாசல்ல நின்னா, போர்டு மாட்டின மாதிரிதாங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. அக்கா, "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். ஆய்வுக்கு வருகிற அதிகாரியை நடந்து வரச் சொன்னதை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை. மற்ற இடங்களில் ஜீப் வரும் வழியில் கோலம் போடுவார்கள், அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டி வரிசையாக உட்காரவைப்பார்கள். நாங்கள் கூடத்தைப் பெருக்கினோம், அவ்வளவுதான்.

அவர் நடந்துதான் வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை, சாதாரண காட்டன் புடவை. புழுதியில் செருப்பு வெளுத்திருந்தது. நண்பகல் நேரம். கூடத்தில் மெஷின்கள் மட்டும் இருந்தன.

"எங்க, ஒருத்தரையும் காணோம்?"

"ரெண்டு மணி பஸ் போன பிறகுதான் மேடம் வருவாங்க. இந்த வாரம் வர்றவங்க வூட்டுக்காரர் எல்லாம் செகண்ட் ஷிப்ட்" என்றார் அக்கா.

"மையத்தோட நேரம் பத்து டு அஞ்சுன்னு இருக்கு."

"நாங்க பத்துக்குத் தெறந்துடறோம் மேடம். அவங்க நேரம் சுரங்கத்து நேரம்."

அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்து சேத்தியாத்தோப்பில் ஒரு ஆய்வு இருக்கிறது, அதற்குப் போக வேண்டும் என்றார். ஆனால் போகவில்லை. பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, என் மேசையின் ஓரத்தில் வைத்துப் புளிசாதம் சாப்பிட்டார். எனக்கும் மூடியில் கொஞ்சம் வைத்தார். சாப்பிட்டபடியே எங்கள் கோப்புகளைப் புரட்டினார். ஆட்டோ ரசீதுகள் எங்கே என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

பஸ்கள் போயின. அக்கா பழைய அறிக்கைகளை எடுக்க உள்ளறைக்குப் போனார். நான் அவற்றின் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி எழுந்து கூடத்துக்குப் போய், ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் குடையையும் துணிப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

முதலில் வந்தது சித்திதான். பின்னாலேயே இன்னும் சிலர், குவார்ட்டர்ஸ் பெண்ணும். ஆய்வு அன்றைக்கு என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதிகாரி என்றால் ஜீப்பில் வருவார், டவாலி போட்ட பியூன் வருவான் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். வாசலில் ஜீப் இல்லை. உள்ளே, துணிப்பையை அணைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். சித்தி அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்ததை நான் என் அறையிலிருந்து பார்த்தேன்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதிகாரி வாங்கிக் குடித்தார்.

"வூட்டுக்காரர் எந்த ஷிப்ட்?"

அதிகாரி ஒரு கணம் விழித்தார். "அவரு ரிட்டயர் ஆயிட்டாரும்மா" என்றார்.

"ஐயோ பாவமே" என்றார் சித்தி. "அப்ப நாள் பூரா வூட்லயே இருப்பாரு. ஷிப்டே இல்ல. கஷ்டந்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க யாரும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டோம். உனக்கா தோணும்போது உள்ள போய் அக்காகிட்ட சொல்லு. அதுவரைக்கும் அழுவணும்னா அழுதுடு. வெளிய கேக்காது" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின, எல்லாம் ஒரே நேரத்தில். குவார்ட்டர்ஸ் பெண் அவசரத்தில் ஊசியைக் கழற்ற மறந்து, வெறும் தகட்டில் குத்தி முறித்துவிட்டார். அப்போதும் மிதிப்பதை நிறுத்தவில்லை. நான் எழுந்து போய்ச் சொல்ல நினைத்தேன். ஆனால் அதிகாரி என்னைப் பார்த்து லேசாகக் கையசைத்தார், உட்கார் என்பதுபோல. அவர் அழவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில், மிதிக்கிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். அறிக்கைகள் கையில். "என்ன சித்தி பண்ற, அவங்கதான் மேடம்" என்றார்.

எல்லாக் கால்களும் நின்றன. சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "ஜீப்பு எங்கக்கா?" என்றார், குற்றம் ஜீப்புடையது என்பதுபோல.

அப்போதுதான் அதிகாரி சிரித்தார். "எங்க வூட்டுக்காரர் அடிக்கிறதெல்லாம் இல்லம்மா. காபி ஆறிப்போச்சுன்னு பேப்பர மடிச்சி வெப்பாரு, அவ்ளோதான்" என்றார்.

"அதையும் இங்க சொல்லலாம் மேடம்" என்றார் சித்தி. பயம் போன பிறகு அவர் வாய் நிற்காது.

பிறகு அதிகாரி உள்ளறையைப் பார்த்தார். ஊசி முறிந்த மெஷினைப் பார்த்தார். சம்பளச் சீட்டு கேட்டு ஒப்பந்தப் பெண்கள் எழுதிய மனுக்களைப் படித்தார். திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்து, "போர்டு இல்லன்னா நான் என்ன எழுதறது?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இல்லன்னு எழுதுங்க மேடம். ஏன்னும் எழுதுங்க."

"மேல கேப்பாங்க. படம் வேணும்பாங்க." கொஞ்சம் யோசித்தார். குவார்ட்டர்ஸ் பெண்ணைப் பார்த்து, "இந்த எடத்துக்கு யாரு பணம் குடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"சர்ச்சுலேர்ந்து வருதுன்னு நெனச்சேங்க" என்றார் அந்தப் பெண்.

"சர்ச்சு இல்ல. அரசாங்கம். நீ ஓட்டுப் போட்ட அரசாங்கம்." அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "போர்டு எதுக்குன்னா, ஜனங்களுக்குத் தெரியணும்னுதான். இந்தப் பொண்ணுக்கே தெரியல. தெருவுல போறவனுக்குத் தெரியாட்டா போவுது. இவங்களுக்குத் தெரியணும். உள்ளறையில, இவங்க உக்கார்ற எடத்துக்கு எதிர மாட்டுங்க. அத படம் எடுத்து அனுப்புங்க. வளாகத்துல வெச்சிருக்காங்கன்னு நான் எழுதறேன். ஒத்துப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

குடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்து போனார். சேத்தியாத்தோப்புக்கு அன்றைக்கு அவர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

பஜாரில் போர்டு எழுதுகிறவரிடம் நான்தான் போனேன். எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று அவர் கேட்டபோது கடலூரில் ஒரு கிளை என்று சொல்லிவைத்தேன். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தோம். அக்காவே ஆணி அடித்தார். படத்தையும் அவரே எடுத்தார், நான் உள்ளறைக்குப் போகிறதில்லை என்பதால். அடுத்த முறை வந்தபோது குவார்ட்டர்ஸ் பெண் அதை முழுவதும் சத்தமாகப் படித்தாராம். 'அரசு நிதியுதவியுடன்' என்ற இடத்தில் நிறுத்தி, "அப்ப நான் ஓசிக்கு வரல" என்றாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு உடனே ரசீது ஃபைல் எங்கே என்று என்னைத் திட்டினார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் மானியமோ பதிலோ வரவில்லை. வீட்டு ஓனர் வாடகை கேட்டு வந்து நின்றார். அக்கா ஒரு நர்சிங் ஹோமில் பகுதி நேரமாகச் சீட்டு எழுதப் போனார். வகுப்பு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். நான் வேறு வேலை தேடலாமா என்று அப்பா ஜாடையாகக் கேட்டார். தேடவில்லை. அந்த மாதங்களில்தான் குவார்ட்டர்ஸ் பெண் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, மனுவை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா ஏன் இன்றைக்கு என்று கேட்கவில்லை. பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க அவர்கள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். கணவர் அப்போது இரண்டாவது ஷிப்ட். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்த பிறகு அந்தப் பெண் கொஞ்ச காலம் நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தார். பிறகு வேறு தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். இனி ஷிப்ட் பார்த்து வர வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் இரண்டு மணி பஸ் போன பிறகுதான் வருவார்.

மானிய ஆணை வந்தது. நான் கூடத்தில் நின்று படித்தேன். சித்தி இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பெயர்ப்பலகையை உள்ளே வைத்துக்கொள்ள 'இம்மையத்துக்கு மட்டும் விதிவிலக்காக' அனுமதிக்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார்.

"மட்டும்னா? பண்ருட்டில இருக்கறவங்க? சேலத்துல இருக்கறவங்க? அங்க பொம்பளைங்க போர்ட பாத்துட்டு திரும்பிப் போயிட்டுதானே இருப்பாங்க?"

"அக்கா, நமக்குக் கெடச்சிருச்சே" என்றேன்.

"கெடச்சிருச்சு. நன்றின்னு ஒரு வரி எழுது. கீழயே, எல்லா மையத்துக்கும் இந்த விதிய மாத்தணும்னு எழுது. ஏன்னும் எழுது."

எழுதினேன். பதில் இல்லை. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போதும் தனியாக ஒரு கடிதம் எழுதினோம், அதற்கடுத்த ஆண்டும். நான் அங்கே வேலை பார்த்த கடைசி ஆண்டில்தான் ஒரு வரி வந்தது: தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அரசாங்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. தயங்கித்தான் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் படித்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"பாரு, எடுத்துப் படிச்சிருக்காங்க. இன்னொண்ணு எழுது" என்றார்.